நில எல்லைகளில் விசா கட்டணம்: சட்டப்படி செலுத்த வேண்டியது எது? கூடுதல் வசூல் தொடங்குவது எங்கே?

புதுதில்லி: விமானத்தில் வெளிநாடு செல்வோருக்குப் பெரும்பாலான வரிகளும் கட்டணங்களும் பயணச்சீட்டின் விலையிலேயே சேர்ந்துவிடுகின்றன. நில எல்லையைக் கடப்போரின் நிலை வேறு. விசா, சுற்றுலா வரி, பயண வரி, வாகன அனுமதி என ஒவ்வொன்றையும் தனித்தனியாக, பல வேளைகளில் ரொக்கமாகச் செலுத்த வேண்டியுள்ளது. எது அரசு விதித்த கட்டணம், எது அதற்கு மேல் கேட்கப்படும் தொகை என்பதைப் பயணி அறியாத இடத்தில்தான் கூடுதல் வசூலுக்கு வழி பிறக்கிறது.

இந்தியாவிலிருந்து தரைவழியாகச் செல்லக்கூடிய அண்டை நாடுகள் விதிக்கும் முக்கியக் கட்டணங்கள் என்ன? கூடுதல் வசூலை எப்படி அடையாளம் காண்பது?

இந்தியச் சாவடிகளில் விசா விற்பனை இல்லை

வருகையின்போது விசா வழங்கும் வசதியை ஜப்பான், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாட்டவருக்கு மட்டுமே இந்தியா அளித்து வருகிறது. அதுவும் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில்தான் கிடைக்கும். நில எல்லைச் சாவடி எதிலும் இந்த வசதி இல்லை.

எனவே, இந்தியப் பகுதியில் உள்ள எல்லைச் சாவடியில் 'விசா கட்டணம்' என்ற பெயரில் யாரேனும் பணம் கேட்டால், அது அரசு நிர்ணயித்த கட்டணம் அல்ல என்று உறுதியாகக் கொள்ளலாம்.

நேபாளம்: இந்தியர்களுக்கு விசா தேவையில்லை

1950, ஜூலை 31-ஆம் தேதி கையெழுத்தான இந்திய-நேபாள அமைதி மற்றும் நட்புறவு ஒப்பந்தத்தின் அடிப்படையில், இரு நாட்டுக் குடிமக்களும் விசா இன்றி எல்லையைக் கடக்கலாம். அடையாள ஆவணம் வைத்திருந்தால் போதுமானது. சொந்த வாகனத்தில் செல்வோர் மட்டும் நேபாள சுங்கத் துறையிடம் நாள் கணக்கில் கட்டணம் செலுத்தி அனுமதி பெற வேண்டும். இதற்கு ரசீது வழங்கப்படும்.

பிற நாட்டவருக்கான சுற்றுலா விசா கட்டணம் 2019-இல் உயர்த்தப்பட்டது. அதன்படி, 15 நாள்களுக்கு 30 டாலர், 30 நாள்களுக்கு 50 டாலர், 90 நாள்களுக்கு 125 டாலர். இலங்கை உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு (ஆப்கானிஸ்தான் நீங்கலாக) ஆண்டின் முதல் வருகையில் 30 நாள்களுக்குக் கட்டணமில்லா விசா வழங்கப்படுகிறது.

இந்த எல்லையில் பணம் கைநழுவும் மற்றோர் இடம் நாணய மாற்று. 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற மதிப்பு 1993-ஆம் ஆண்டு முதல் மாறாமல் உள்ளது. இதை அறியாமல் 150 ரூபாய் வீதம் ஒருவர் ரூ.10,000-ஐ மாற்றினால், அவருக்கு 1,000 நேபாள ரூபாய் இழப்பு ஏற்படும்.

பூடான்: விசா இல்லை, ஆனால் நாள்தோறும் கட்டணம்

பூடான் செல்லும் இந்தியர்களுக்கும் விசா தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டி நுழைவு அனுமதி பெறலாம். ஆனால், 'நீடித்த வளர்ச்சிக் கட்டணம்' என்ற பெயரில் நபர் ஒருவருக்கு இரவொன்றுக்கு ரூ.1,200 செலுத்த வேண்டும். 6 முதல் 12 வயதுக்குள்பட்ட சிறாருக்கு இதில் பாதி. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

கணவன், மனைவி, 6 வயதைக் கடந்த இரு சிறார் கொண்ட குடும்பம் மூன்று இரவுகள் தங்கினால், இந்தக் கட்டணம் மட்டும் ரூ.10,800 ஆகும். இதை முன்கூட்டியே அறியாமல் எல்லை நகரமான புந்த்ஷோலிங்கை அடைவோர், சட்டப்பூர்வ கட்டணத்தையே முறைகேடு எனக் கருதக்கூடும். கட்டணம் தெரியாத நிலையைப் பயன்படுத்தி இடைத்தரகர்கள் கூடுதல் தொகை பெறவும் வாய்ப்புண்டு.

வங்கதேசம்: திரும்பும்போது வரி

வங்கதேசத்திலிருந்து தரைவழியாக வெளியேறுவோர் பயண வரி செலுத்த வேண்டும். 500 டாக்காவாக இருந்த இந்த வரி, 2023-இல் 1,000 டாக்காவாக உயர்த்தப்பட்டது. பெனாபோல்-பெட்ராபோல் வழியாக நாடு திரும்பும் இந்தியர்களுக்கும் இது பொருந்தும். விசாவுக்கும் இந்த வரிக்கும் தொடர்பில்லை. வங்கியிலோ இணையவழியிலோ முன்னதாகச் செலுத்திவிட்டால், எல்லையில் இடைத்தரகரை நாட வேண்டிய அவசியம் எழாது.

கர்தார்பூர்: 20 டாலர் விவாதம்

விசா விலக்கு என்பது கட்டண விலக்கு அல்ல என்பதற்கு கர்தார்பூர் வழித்தடம் மற்றோர் எடுத்துக்காட்டு. 2019, நவம்பர் 9-ஆம் தேதி திறக்கப்பட்ட இந்த வழித்தடத்தில் சென்று திரும்பும் இந்திய யாத்ரிகர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், தலா 20 டாலர் சேவைக் கட்டணம் நிர்ணயித்தது பாகிஸ்தான். யாத்ரிகர்களிடம் கட்டணம் பெறக் கூடாது என இந்தியா வலியுறுத்தியும் அது கைவிடப்படவில்லை. 2025, மே மாதத்தில் இந்தியத் தரப்பில் இந்த வழித்தடச் சேவை நிறுத்தப்பட்டது.

கூடுதல் வசூல் நடக்கும் விதம்

தென்கிழக்கு ஆசியா செல்லும் பயணிகளிடையே இது தொடர்பாக அதிகம் பேசப்படும் இடம், தாய்லாந்து-கம்போடியா எல்லையில் உள்ள போய்பெட். 2014-ஆம் ஆண்டு முதல் கம்போடிய சுற்றுலா விசா கட்டணம் 30 டாலர். ஆனால், இதற்கு மேல் தாய்லாந்து நாணயத்தில் 100, 200 பாட் கூடுதலாகக் கேட்கப்படுவதாகப் பயணிகள் பல ஆண்டுகளாகப் புகார் கூறி வந்தனர். இரு நாடுகளுக்கும் இடையிலான மோதலால் 2025-இல் எல்லைச் சாவடிகள் மூடப்படும் வரை இந்தப் புகார்கள் தொடர்ந்தன.

இத்தகைய வசூலுக்குக் கூறப்படும் காரணங்கள் எல்லா நாடுகளிலும் ஏறத்தாழ ஒன்றே: புகைப்படம் இல்லை, முத்திரைக் கட்டணம், விடுமுறை நாள் பணி, சில்லறை இல்லை, விரைவுச் சேவை. சில நாடுகளில் விடுமுறை நாள் கட்டணம் சட்டப்படியே உள்ளது என்பதால், காரணத்தைக் கொண்டு மட்டும் முடிவுக்கு வர இயலாது.

தனிநபருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். ஆயினும், கடவுச்சீட்டு அதிகாரியின் கையில் இருக்க, பேருந்து எல்லைக்கு அப்பால் காத்திருக்க, வாதிடும் நிலையில் பயணி இருப்பதில்லை. அந்த இக்கட்டே இந்த வசூலைத் தொடரச் செய்கிறது.

ரசீதே அளவுகோல்

சட்டப்பூர்வ கட்டணம் அரசால் வெளியிடப்பட்டிருக்கும். ஒரே பிரிவைச் சேர்ந்த அனைவருக்கும் ஒரே அளவாக இருக்கும். அதற்கு ரசீது உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேள்வி எழுப்பப் பயணிக்கு உரிமை உள்ளது. அந்தந்த நாட்டின் குடியேற்றத் துறை இணையதளத்தில் கட்டணத்தைச் சரிபார்ப்பது, இணையவழியில் முன்கூட்டியே செலுத்துவது, உரிய தொகையைச் சில்லறையாக வைத்திருப்பது ஆகியவை எளிய பாதுகாப்புகள்.

இந்திய அரசு ஊழியர் பணம் கேட்டால் ஊழல் தடுப்புச் சட்டம் பொருந்தும். 2018-இல் மேற்கொள்ளப்பட்ட திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றமே. எனினும், கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டு எல்லையில் இடர்ப்பாடு நேர்ந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தையோ வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தையோ அணுகலாம். நாள், நேரம், சாவடியின் பெயர், கேட்கப்பட்ட தொகை ஆகியவற்றை உடனே குறித்துக்கொள்வது புகாருக்கு வலுச் சேர்க்கும்.