மைக்கில் சத்தம் வரலையா? ஐ.சி.யை மாற்றும் முன் மீட்டரை எடுங்க



கோவளத்தில் நம்ம கூட்டமைப்புக் கூட்டம் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? ஒரு பக்கம் கடல் இரைச்சல், இன்னொரு பக்கம் ஈ.சி.ஆர். வண்டிச் சத்தம். முன்னாடி கடன் கணக்கு வாசிப்பது வயதான அம்மாக்கள் காதில் விழுவதே இல்லை. காதில் விழாத தீர்மானத்துக்குத்தான் அவங்க கையெழுத்துப் போடுறாங்க. புது மைக் செட் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, பாலிடெக்னிக்கில் படிக்கும் உறுப்பினர் மகள் ஒருத்தி, "இருக்கிற ஆம்ப்ளிஃபயரே போதும்க்கா, மைக் சத்தத்தைத்தான் கூட்டணும். நான் செஞ்சு தர்றேன்" என்றாள்.

அவள் செய்தது ஆப்-ஆம்ப் என்கிற ஐ.சி. வைத்த சின்ன சர்க்யூட். 741 என்று நம்பர். 1968-ல் அமெரிக்காவில் வந்த எட்டுக் கால் பூச்சி, இன்னைக்கும் படிக்கிற பிள்ளைகள் முதலில் தொடுவது இதைத்தான். மைக்கில் வரும் துளி சத்தத்தை நூறு மடங்கு பெரிதாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். ஆனால் வந்தது வெறும் கரகரப்பு. மூன்று ஐ.சி. மாற்றியாச்சு. ஐ.சி. விலை பத்துப் பதினைந்து ரூபாய்தான்; ரிச்சி தெருவுக்குப் போய்வர அரை நாள் போகுது. "எனக்கு இது வராதுக்கா, புதுசே வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நான் படித்தது சமூகப்பணி. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. ஆனாலும் மூன்று ஐ.சி.யும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா என்று மட்டும் தோன்றியது. தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட வைத்து உட்கார்ந்தோம். அன்று கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் உதவும்.

முதலில் எந்தப் பாதி கெட்டிருக்கு என்று பிரிக்கணும். பழைய போனில் ஒரு பாட்டைப் போட்டு, ஒயரை நேரா ஆம்ப்ளிஃபயரில் சொருகினோம். நன்றாகக் கேட்டது. அப்போ ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் இரண்டும் சரி. அடுத்து அதே பாட்டை, சத்தத்தை மிகக் குறைத்து, ஐ.சி. வழியாக விட்டோம். கரகரப்பு! மைக் மேல் பழி இல்லை, கோளாறு நடுவில்தான். (ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மட்டும் பிள்ளைகளைத் திறக்க விடாதீங்க, உள்ளே 230 வோல்ட். நோண்டுவதெல்லாம் 9 வோல்ட் பேட்டரி சர்க்யூட்டில் மட்டும்.)

பிறகு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஐ.சி.யின் பள்ளம் மேலே இருக்கும்படி பிடித்தால் இடது பக்க முதல் கால் 1. இடப்பக்கம் கீழே இறங்கி, வலப்பக்கம் மேலே ஏறி எண்ணணும். மீட்டரின் கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸில் வைத்தோம். 7-ம் காலில் 9 வோல்ட், சரி. 4-ம் காலில் பூஜ்யம், சரி. சத்தம் உள்ளே போகிற 3-ம் காலில் பாதி, அதாவது 4.5 வோல்ட், அதுவும் சரி. வெளியே வருகிற 6-ம் காலிலும் இதே பாதி இருக்கணும். இருந்ததோ 8 வோல்ட்!

பாதி ஏன் வேணும்? தூளி கட்டுவதை நினைச்சுப் பாருங்க. அறை நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் ஆடும். சுவர் ஓரமாகக் கட்டினால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுவரில் இடிக்கும். சத்தமும் மேலும் கீழும் ஆடுகிற விஷயம்தான். 8 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டால் மேலே ஆட இடம் ஏது? அந்த இடிதான் கரகரப்பு.

ஏன் ஒட்டிக்கொண்டது என்பதுதான் அன்றைய பாடம். 6-ம் காலிலிருந்து 2-ம் காலுக்கு 100 கே ரெசிஸ்டன்ஸ், 2-ம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1 கே. நூறு மடங்கு என்பது இந்த இரண்டும் சேர்ந்து தருவது. ஆனால் ஐ.சி.க்கு சத்தம் எது, சும்மா நிற்கிற 4.5 வோல்ட் எது என்று தெரியாது. அதையும் நூறு மடங்காக்கப் பார்க்கும். பேட்டரியே 9 தான். முடிந்த மட்டும் ஏறி உச்சியில் உட்கார்ந்துவிடும். அந்த 1 கே-க்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று வேணும், அதன் மைனஸ் கால் கிரவுண்டு பக்கம். நிலையாக நிற்கிற வோல்ட்டை அது தடுத்துவிடும், ஆடுகிற சத்தத்தை மட்டும் விடும். புத்தகத்தில் இருந்த படம் பிளஸ், மைனஸ் என இரண்டு பேட்டரிக்கானது. அதில் அந்தக் கண்டென்சர் தேவையில்லை. ஒரே பேட்டரியில் செய்தபோது இவளுக்கு விட்டுப்போச்சு.

கண்டென்சரைச் சொருகினதும் 6-ம் காலில் 4.5. பாட்டு தெளிவா வந்தது. பழைய ஐ.சி. மூன்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தோம்: மூன்றுமே நல்லவை!

மைக்கை மாட்டினால் சத்தமே இல்லை. இது சின்ன விஷயம். பொத்தான் மாதிரி இருக்கும் அந்த மைக்குக்கும் கொஞ்சம் மின்சாரம் வேணும். பேட்டரி பிளஸிலிருந்து 10 கே ஒன்று வழியாகக் கொடுக்கணும். மைக்கின் தகர உடம்போடு சேர்ந்த கால்தான் மைனஸ். இவள் மாற்றிக் கொடுத்திருந்தாள். அடுத்து "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல். அது வீட்டு கரண்டின் 50 சைக்கிள் சத்தம், சாதா ஒயர் அதை இழுத்துக்கொள்ளும். மேலே வலை சுற்றிய ஷீல்டு ஒயர் போட்டு, வலையை கிரவுண்டில் சேர்த்ததும் பாதிக்கு மேல் அடங்கியது. 741-ல் நேரா ஸ்பீக்கரை மாட்டிப் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. அதற்கு அவ்வளவு பலம் கிடையாது, பின்னால் ஆம்ப்ளிஃபயர் இருந்தே ஆகணும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று ஒரு சகோதரி கேட்டாங்க. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரி பக்கம் நல்லவாடு மீனவ கிராமத்தில் என்ன நடந்தது என்று சொன்னேன். சிங்கப்பூரில் வேலை செய்த ஊர்க்காரர் சுனாமிச் செய்தியைப் பார்த்து போன் போட, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு நடந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிச்சு, ஜனங்களைக் கரையை விட்டு ஓட வைத்தாங்க. அந்த நேரத்தில் கரகரத்திருந்தால்?

போன கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "அந்த வட்டியைத் திரும்பப் படி" என்றாங்க. வாசித்ததில் ஒரு தவணை விட்டுப்போயிருந்தது.

சர்க்யூட் இன்னும் சொருகு போர்டில்தான் இருக்கு. நம்ம உப்புக் காற்றுக்கு அது தாங்காது, துளைகளில் துரு பிடிச்சிடும். மழைக்கு முன்னாடி ஈயம் வைத்து முடிச்சிடுறேன் என்று சொல்லியிருக்கிறாள். பெட்டிக்கு ஒரு பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் எடுத்து வைத்திருக்கோம். ஒரு திருகு போட்டு அதையும் கிரவுண்டோடு சேர்த்தால் மிச்ச இரைச்சலும் குறையுமாம்.