அட்டை ஊரும் மலையில் எந்த வலை?

கண்டி ஹந்தானையில் புறப்பட்டு ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல என்று மலையகத்தைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது பீக்கோ நடைபாதை. 300 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம், 22 கட்டங்கள். பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளே பெரும்பாலும் இதன் வழி. இப்படி மலையில் நடப்பவர்களுக்குச் சரிவில் கூடாரம் அடிக்கச் சமதரை வாய்ப்பது அரிது. ஆனால் இரண்டு டர்பன்டைன் மரங்கள் கிடைத்தால் தொங்குபடுக்கையைக் கட்டிவிடலாம். பிள்ளைக் காம்பராவில் சேலை ஏணையில் உறங்கி வளர்ந்த மலையகத்துக்கு இது புதுமையும் அல்ல.

புதிதாக யோசிக்க வேண்டியது, அதைச் சுற்றிப் போடும் வலையைப் பற்றித்தான்.

விற்பனைக்கு வரும் வலைகள் நுளம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மலையகத்தின் உயரமான பகுதிகளிலோ கணக்கு வேறு. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட மலேரியா, உயர்ந்த மலைத் தோட்டங்களைப் பெரும்பாலும் தொடவில்லை. 2016 செப்டெம்பரில் நாடு முழுவதுமே மலேரியா அற்றது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. டெங்கு பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் குளிர்ந்த இரவில் நுளம்புத் தொல்லை குறைவு. அங்கே தேடி வருவது அட்டை.

ஹேமாடிப்சா சைலானிகா என்பது அதன் அறிவியல் பெயர். ஈரப் புல்லிலும் தாழ்ந்த இலைகளிலும் பின்முனையை ஊன்றி, உடலை நிமிர்த்தி, முன்முனையை அசைத்தபடி காத்திருக்கும். இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட நூலில் இதை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். இரத்தம் குடிக்காத அட்டை பின்னல் ஊசி அளவுக்கு மெலிந்தது என்றும், மிக நேர்த்தியான காலுறையின் கண்களுக்குள்ளும் நுழைந்துவிடும் என்றும் எழுதினார். அதனால் அன்றைய கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் கால் உறை தைத்து அணிந்தார்களாம். பின்னாளில் தேயிலைக் கொழுந்து பறித்த பெண்களுக்கு அப்படி யார் தைத்துக் கொடுத்தார்கள்? அவர்கள் காலில் சவர்க்காரமும் உப்பும் பூசிக்கொண்டுதான் மலைக்கு ஏறினார்கள்.

வலையைத் தேர்ந்தெடுக்க டெனன்டின் அந்தக் குறிப்பே போதும். சாதாரண நுளம்பு வலையில் ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 156 கண்கள் இருக்கும். ஒரு கண்ணின் அகலம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. நுளம்பு அதில் நுழையாது. ஆனால் 1 முதல் 3 மில்லிமீற்றரே நீளமுள்ள சிறு கடிப்பூச்சிகளை அது நம்பகமாகத் தடுக்காது, பசித்து மெலிந்த அட்டையையும்தான். கண் இன்னும் நெருங்கிய வலை வேண்டும். நெருங்க நெருங்கக் காற்றோட்டம் குறையும். கொழும்பில் அது புழுக்கம். நுவரெலியாவில் யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார்கள்.

அடுத்தது வடிவம். அடிப்பக்கம் திறந்து, பாவாடை போலத் தரைவரை தொங்கும் வலை மலிவானது, உள்ளே ஏறி இறங்கவும் எளிது. ஆனால் அதன் ஓரம் ஈரப் புல்லில் கிடந்தால் அட்டைக்கு அதுவே ஏறுபாதை. படுக்கை முழுவதையும் குழாயாக மூடிச் சிப் போடும் வலையில் அந்த வழி இல்லை. படுக்கையோடு சேர்த்துத் தைத்த வலை எடை குறைவு. கழற்ற முடியாது என்பதுதான் அதன் குறை.

சேர்த்துத் தைத்ததில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். மேலே மட்டும் வலை, அடியில் ஒற்றை நைலோன் துணி. உடல் பாரத்தில் துணி இழுபட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நுளம்பின் உறிஞ்சுகுழல் சுமார் 2 மில்லிமீற்றர் நீளம், துணியின் தடிப்போ அதைவிட மிகக் குறைவு. வலைக்குள் பத்திரமாகப் படுத்தவரின் முதுகு காலையில் தடித்திருப்பது இப்படித்தான். பொகவந்தலாவையையும் நோர்வூட்டையும் விடத் தாழ்ந்த, சூடான பள்ளத்தாக்குகளில் தங்குபவர்கள் இரட்டை அடித்துணி உள்ள படுக்கையையே வாங்க வேண்டும். இரண்டு துணிக்கும் நடுவே பாயை நுழைத்தால் குளிருக்கும் அது காப்பு.

ஆகவே மலையகத்துக்கு ஏற்றது நெருங்கிய கண்ணும் மூடிய அடியும் கொண்ட குழாய் வலை. அதுவும், ஏறும் முன் சப்பாத்தையும் காற்சட்டை விளிம்பையும் தட்டிப் பார்த்தால்தான் பயன் தரும். அட்டையைப் பெரும்பாலும் உள்ளே கொண்டுபோவது ஆள்தான்.

பெர்மெத்ரின் மருந்து ஏற்றிய வலை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மருந்து நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு. மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. லயங்களில் வாழும் பலர் குடிப்பதும் இங்குள்ள ஊற்று நீரைத்தான். அந்த வலையை ஓடையில் அலசாதீர்கள்.