சோலார் கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லையா? தேதியைப் பாருங்கள்

மாடியில் பேனல் ஏறிவிட்டது, கரண்ட் பில் மட்டும் இறங்கவில்லை என்று சொல்லி வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கதை ஏறக்குறைய ஒன்றுதான். அட்வான்ஸ் கொடுத்தார்கள், ஸ்டாண்டு அடித்து பேனல் மாட்டினார்கள், மீதிப் பணமும் கைமாறியது. அதற்குப் பிறகு, "நெட் மீட்டர் அடுத்த வாரம் வந்துடும் சார்." அந்த அடுத்த வாரம் ஒன்றரை வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. காகிதம் என்ன இருக்கிறது என்று கேட்டால் போனை நீட்டுகிறார்கள். அதில் விசிட்டிங் கார்டின் படமும் கான்ட்ராக்டர் அனுப்பிய குட்மார்னிங் வாழ்த்துகளும் இருக்கின்றன. பில் இல்லை.

வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 மானியம். இந்தப் பணம் கான்ட்ராக்டருக்குப் போவதில்லை; சிஸ்டம் ஓடத் தொடங்கிய பிறகு நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. ஆகவே "மானியத்தை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒருவர் சொன்னால் பேனாவை மூடி வையுங்கள். இ.பி. இணைப்பு இன்னும் காலமான அப்பாவின் பெயரில் இருந்தால் முதல் வேலை பெயர் மாற்றம்தான். பேனல் பிறகு.

தகராறு வந்துவிட்டதா? யார் மேல் தவறு என்பதை முதலில் பிரியுங்கள். திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரில் விண்ணப்ப எண் இருக்கிறதா, அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். விண்ணப்பமே போகவில்லை என்றால் தவறு கான்ட்ராக்டருடையது. விண்ணப்பம் போய் மின்வாரியத்தில் தூங்கினால் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். "மீட்டர் ஸ்டாக் இல்லை" என்று வாயால் சொல்வதற்கு யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை. அதையே எழுதிக் கொடுங்கள் என்றால்தான் தயங்குவார்கள். பதில் இல்லாவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கும் மேல் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளர்.

இடையில் ஒரு எச்சரிக்கை. உள்ளே வருவதையும் வெளியே போவதையும் தனித்தனியாகக் கணக்கிடும் நெட் மீட்டர் வருவதற்கு முன் "சும்மா ஓட்டிப் பாருங்க" என்று சிஸ்டத்தை ஆன் செய்துவிட்டுப் போவார்கள். பழைய மீட்டர்கள் பலவற்றுக்கு கரண்ட் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று தெரியாது. நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டையும் செலவழித்ததாகவே கணக்கு ஏற்றும். பில் ஏறுவது அதனால்தான். ஆன் செய்யாதீர்கள்.

இனி கான்ட்ராக்டர் மேல் நடவடிக்கை. பெரும்பாலானோர் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். அங்கே ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், கூடவே "இது சிவில் மேட்டர்" என்ற பதிலும். பேனலே மாட்டாமல் பணத்தோடு ஓடியவன் விஷயம் வேறு. மாட்டிவிட்டு ஒழுங்காகச் செய்யாதவனை இழுக்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். "சென்னை நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது" என்று கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது. கொடுத்த தொகைதான் கணக்கு, கேட்கும் இழப்பீடு அல்ல. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

ஆனால் கெடு 2 ஆண்டு. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டு. கான்ட்ராக்டர் கடைசியாக "கண்டிப்பா பண்ணிடறேன் அண்ணே" என்று சொன்ன நாளிலிருந்து அல்ல. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள், சமரசம் கிடைத்தால் நல்லது. அது நடந்துகொண்டிருப்பதால் கெடு நின்றுவிடாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போடலாம், ஆனால் "அவர் வருவார் என்று நம்பிக் காத்திருந்தேன்" என்பது பலவீனமான காரணம். காலண்டரில் தேதியை வட்டமிட்டு வையுங்கள்.

முதலில் கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ். கொட்டேஷன் எண், பணம் கொடுத்த தேதிகள், என்ன குறை, 15 நாளில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். வசைபாட வேண்டாம்; அந்தக் காகிதத்தைப் பின்னால் ஆணையம் படிக்கும். பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். "முகவரியில் இல்லை" என்று உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

கான்ட்ராக்டரை மட்டும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது பலர் செய்யும் பிழை. அவர் "இன்வெர்ட்டர் கம்பெனியைக் கேளுங்க" என்பார், கம்பெனி "மாட்டியவரைக் கேளுங்க" என்னும். இருவரையும் சேருங்கள். பேனலுக்கு 25 ஆண்டு வாரண்டி என்று விற்பது உற்பத்தித் திறனுக்கான வாரண்டி. இன்வெர்ட்டருக்கு வாரண்டி தனி, காலமும் குறைவு. வாரண்டி கேட்க சீரியல் எண் வேண்டும். அது பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும், மாட்டிய பிறகு படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத்தான் படிக்க முடியும். மாட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் படம் எடுங்கள், அந்த எண்கள் ஜி.எஸ்.டி. பில்லோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று யாரும் கவனிப்பதில்லை. இன்வெர்ட்டரின் உற்பத்திக் கணக்கு ஒரு செயலியில் ஏறுகிறது. அதன் லாகினைக் கான்ட்ராக்டர் தன் மின்னஞ்சலில் தொடங்கியிருப்பார். சண்டை வந்த மறுநாள் பாஸ்வேர்டு மாறிவிடும், உங்கள் ஆதாரம் அவர் கைக்குப் போய்விடும். 3 கிலோவாட் சிஸ்டம் நல்ல வெயிலில் நாளைக்கு ஏறத்தாழ 12 யூனிட் தர வேண்டும்; 5 யூனிட்தான் வந்தது என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? லாகின் உங்கள் பெயரில் இருக்கட்டும். தினமும் மாலையில் இன்வெர்ட்டர் திரையைப் படம் எடுத்துத் தேதியோடு வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றையும் இணைத்துவிட்டால் எதிர்தரப்புக்கு ஒரு வாதம் குறையும்.

போல்ட் அடித்த இடத்தில் தளம் ஒழுகினால் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடாதீர்கள். வேறு டெக்னீஷியனை விட்டு இன்வெர்ட்டரையும் பிரிக்காதீர்கள். பிரித்துவிட்டால் "நீங்களே கெடுத்துக்கொண்டீர்கள்" என்பார்கள். ஒழுகலுக்குத் தற்காலிகமாகத் தார்ப்பாய் போடுங்கள், நிபுணர் ஒருவரை நியமித்துப் பார்வையிடச் சொல்லி ஆணையத்தில் மனு போடுங்கள். பேனலுக்காக வங்கிக் கடன் வாங்கியிருந்தால், கோபத்தில் அதன் தவணையையும் நிறுத்த வேண்டாம். கான்ட்ராக்டர் செய்த தவறுக்கு உங்கள் சிபில் மதிப்பெண்தான் விழும். கட்டிய வட்டியை இழப்பீட்டில் கேளுங்கள்.

ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது. 46-வது நாள் ஆணையத்தில் எழுந்து அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

உத்தரவு வந்தால் பணம் தானாக வந்துவிடாது. மேல்முறையீட்டுக்கு 45 நாள் உண்டு. அதற்கு எதிர்தரப்பு தொகையில் பாதியைக் கட்ட வேண்டும். கட்டவுமில்லை, தரவுமில்லை என்றால் நுகர்வோர் சட்டத்தின் 71, 72-வது பிரிவுகளின் கீழ் நிறைவேற்று மனு போடுங்கள். 72-வது பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. ஜெயித்த உத்தரவை லேமினேட் செய்து பீரோவில் வைத்துவிட்டு இந்த மனுவைப் போடாதவர்கள் நிறைய. மனுவில் கான்ட்ராக்டரின் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஜி.எஸ்.டி. முகவரியையும் எழுதுங்கள், பில் வாங்கியிருந்தால் பெரும்பாலும் இரண்டும் அதிலேயே இருக்கும்.