எந்த அட்வான்ஸ் மாப்ள?

மயிலாடும்பாறைக் கடையில் டீ வருவதற்குள் அக்கா மகன் போனை நீட்டினான். குடும்பத்தோடு மேகமலைக்குப் போகிறான். தங்கும் வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பியிருந்தார்: இரண்டு இரவு வாடகை 6,000, கிளீனிங் 500, அட்வான்ஸ் 2,000, மொத்தத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 425. ஆக 8,925.

“சரியா இருக்கா மாமா?”

“அது எந்த அட்வான்ஸ் மாப்ள?” என்றேன். விழித்தான்.

குழப்பமே இந்த ஒரு சொல்லில்தான். குடியிருக்க வீடு பிடித்தால் கொடுப்பதும் அட்வான்ஸ். காலி செய்யும்போது கைக்குத் திரும்பும். கல்யாண மண்டபத்துக்குக் கட்டுவதும் அட்வான்ஸ். வாடகையில் கழியும், கல்யாணம் தள்ளிப்போனால் பெரும்பாலும் போனதுதான். சுற்றுலா வீடுகளில் இந்த இரண்டையும் ஒரே பேரில் வாங்குகிறார்கள். பணம் அனுப்புவதற்கு முன்பே “கழியுமா, திரும்புமா?” என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

இவன் கணக்கில் வாடகைக்கு மேல் தனியாக நிற்பதால் அது திரும்ப வேண்டிய டெபாசிட். அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. வாடகையிலோ வேறு கட்டணத்திலோ கழித்துக்கொண்டால்தான் டெபாசிட் விலையாகும் என்பது ஜிஎஸ்டி சட்டத்திலேயே இருக்கிறது. 6,500க்கு மட்டும் போட்டால் வரி 325. நூறு ரூபாய் கூடுதல்.

வரி விகிதம் சரிதான். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன் 12. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிய வேண்டியதில்லை. பதியாதவர் வரி என்று வசூலிக்கவும் கூடாது. பில்லில் 15 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு எண் 33இல் தொடங்கும்.

டெபாசிட் கேட்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். மழை மாதத்தில் அந்த மலையில் ஒரு கம்பளியைத் துவைத்துக் காயவைப்பது எவ்வளவு பாடு என்று பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் சன்னலைத் திறந்துபோட்டுப் போய், குரங்கு புகுந்து மெத்தையைக் கிழித்தால் அவர் யாரிடம் போவார்? ஆனால் அளவு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மிதமிஞ்சிய டெபாசிட் கேட்பதையும், நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதம் போடுவதையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. ஒரு டம்ளர் உடைந்ததற்கு 2,000 ரூபாயையும் அமுக்கிக்கொள்ள முடியாது.

ஆப்பில் புக் செய்கிறவர்களுக்கு ஒன்று: முதலில் ஒரு விலை காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களை ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த மத்திய நெறிமுறைகள் தடுக்கின்றன. புகாருக்கு 1915, தமிழிலும் பேசலாம்.

“சாவி வாங்கினதும் பையை இறக்கி வைக்காத மாப்ள,” என்றேன். “முதல்ல போன்ல வீடியோ எடு. கீசர், டிவி ரிமோட், பெட்ஷீட், பாத்ரூம் கண்ணாடி எல்லாத்தையும். அப்பவே வீட்டுக்காரருக்கு அனுப்பிரு. கிளம்பும்போதும் அதே மாதிரி.”

டீ ஆறிக்கொண்டிருக்க, அவன் அங்கேயே தட்டினான்: “அண்ணே, அட்வான்ஸ் 2,000 ரூம் காலி பண்ணும்போது ஜிபேல திரும்பி வந்துரும்ல? அதுக்கு ஜிஎஸ்டி வராதாம். 8,825 அனுப்பட்டுமா?”

இரண்டு நீல டிக் விழுந்தது. “சரி தம்பி” என்று பதில் வந்தது.