ஒரே லெப்டொப்பில் வின்டோஸும் லினக்ஸும்



சீட்டுக்காசு எடுத்து, நகையை அடகு வைத்துத்தான் கம்பஸ் போகிற பிள்ளைக்கு லெப்டொப் வாங்குகிறோம். அதில் அநேகமாக வின்டோஸ் இருக்கும். படிப்புக்கு லினக்ஸும் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் இன்னொரு மெஷின் தேவையில்லை. லயத்துக் காம்பராவை நடுவில் மறித்து இரண்டு குடும்பம் இருக்கிற மாதிரி, ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைக்கலாம். மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். உபுண்டு என்ற லினக்ஸ் இலவசம். குறைந்தது 25 ஜீபி இடம் ஒதுக்குங்கள்.

அவசரப்படாமல் இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. பாடக்குறிப்பு, படங்கள் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுங்கள்.

2. புது மெஷின்களில் பிட்லொக்கர் பூட்டு போட்டே வரலாம். அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அது இல்லாவிட்டால் பிறகு வின்டோஸ் திறக்காமல் போகலாம். பூட்டை எடுத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

3. வின்டோஸில் உள்ள டிஸ்க் மெனேஜ்மென்ட்டில் இடத்தைப் பிரியுங்கள்.

4. உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, பதியாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம் வேலை செய்கிறதா?

5. பதியும்போது 'வின்டோஸுடன் சேர்த்து' என்பதையே தெரிவு செய்யுங்கள். 'டிஸ்க்கை அழி' என்பதை அமத்தினால் எல்லாம் போய்விடும்.

பதிகிற நேரம் கரண்ட் போகலாம். பெற்றரியை நிரப்பிக்கொண்டு, சார்ஜரையும் மாட்டியே வேலையைத் தொடங்குங்கள். பரீட்சை நெருங்கும் வாரத்தில் இதில் கை வைக்கவே வேண்டாம்.