‘பால் பத்தலை’ என்பது எப்போது உண்மையாகிறது?

உலகத் தாய்ப்பால் வாரம் ஆகஸ்ட் 1-ல் தொடங்குகிறது. அதையொட்டி திண்டுக்கல், வேடசந்தூர், நிலக்கோட்டை பக்கமிருந்து வந்த வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்பத் தெரிவது ஒரே குழப்பம்: பிள்ளைக்கு எடை ஏறவில்லை என்கிறார்களே, பால் போதவில்லையா, டப்பா பால் சேர்க்கலாமா? தாய்ப்பாலின் பெருமை எல்லோருக்கும் தெரியும். நேராகக் கேள்விக்கே போவோம்.

எடை ஏறவில்லை என்று சொன்னவர் எதைப் பார்த்துச் சொன்னார்? அங்கன்வாடிப் பதிவேடு உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலைப் பின்பற்றுகிறது. ஆறு நாடுகளில் (இந்தியாவில் தெற்கு டெல்லியில்) தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கியது அது, அதில் குறையில்லை. ஆனால் வயதுக்கேற்ற எடை ‘இயல்பு’, ‘குறைவு’ என்று விழும் முத்திரை, பிள்ளை இன்று நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறது. வந்த வேகத்தைச் சொல்வதில்லை. 2 கிலோவில் பிறந்த ஆண் குழந்தை தினம் 30 கிராம் ஏறி 2 மாதத்தில் 3.8 கிலோவுக்கு வந்தால் அது நல்ல வளர்ச்சி. எல்லைக்கோடு 4.3 கிலோ என்பதால் முத்திரை ‘குறைவு’. 3.5 கிலோவில் பிறந்தவன் 3 மாதத்தில் 5.1 கிலோ என்றால், கோடு 5 கிலோவில் இருப்பதால், ‘இயல்பு’. முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இவன் 18 கிராம்கூட ஏறவில்லை. கவலைப்பட வேண்டியது இவனுக்காக. டப்பா வாங்க ஓடுவதோ முதலில் சொன்ன பிள்ளையின் வீட்டில்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசவமான முதல் சில நாட்கள் ஹார்மோன்களே பாலை வரவழைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு மார்பும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் இருந்த ஹன்னா ஆய்வு நிலையத்தில் 1980-களில் ஆடுகளின் மடியில் ஒரு பக்கத்தை மட்டும் நாளுக்கு இரண்டுக்குப் பதில் மூன்று முறை கறந்து பார்த்தார்கள். ரத்தத்தில் ஓடும் ஹார்மோன் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆனாலும் பால் கூடியது அந்தப் பக்கத்தில் மட்டும். தேங்கிய பாலுக்குள்ளேயே சுரப்பை அடக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தப் பொருள் எது என்பதில் இன்றும் விவாதம் உண்டு, நடப்பதில் சந்தேகமில்லை. மார்பு நிறைந்தே இருந்தால் பால் ஊறுவது மந்தமாகும். காலியாகக் காலியாக வேகம் பிடிக்கும்.

ஒரு வீட்டில் இது எப்படி நடக்கிறது? சாயங்காலம் பிள்ளை சிணுங்குகிறது. ஒரு மாதக் குழந்தை அந்நேரம் விட்டுவிட்டு மார்பைத் தேடுவது சகஜம். “பால் பத்தலைத்தா” என்கிறார் மாமியார். 60 மில்லி பவுடர் பால் உள்ளே போகிறது, பிள்ளை நாலு மணி நேரம் தூங்குகிறது. அவ்வளவு நேரமும் தாய்க்குப் பால் கட்டி நிற்கிறது, சுரப்பு குறைகிறது. சில நாட்களில் சாயங்காலப் பால் உண்மையிலேயே குறைந்துவிடும். 60 மில்லி 90 ஆகும். எடையும் ஏறும். பால்தான் பத்தலை என்று வீடே ஒத்துக்கொள்ளும். பொய்யாக இருந்த ஒரு காரணம், சொல்லப்பட்டதாலேயே மெய்யாகிறது. பழி அந்தப் பச்சை உடம்புக்காரிமேல் விழுகிறது. என்னால் சகிக்க முடியாதது இதுதான்.

டப்பாவே இல்லாமலும் இது நடக்கும். எட்டு மணி நேரம் நூற்பாலையில் நிற்பவருக்கும், விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகிறவருக்கும் மார்பு கட்டித்தான் போகிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதியும் கொண்டுவந்தது. பூக்காட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அரசு சொல்லும் கணக்குகளையும் பார்த்துப் படிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம். ஆறு மாதம் வரை ‘தாய்ப்பால் மட்டும்’ குடிப்போர் 55.1 சதவீதம் என்கிறார்கள். அந்தக் கேள்வி முந்தைய ஒரு நாளைப் பற்றியது மட்டுமே. போன வாரம் சேனை வைத்த பிள்ளையும் இதில் சேரும். 2022-ல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறார்கள். தாய் நன்றாகச் சாப்பிடட்டும். ஆனால் பிள்ளையின் எடைக்கு முதல் தேவை, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பால் கொடுப்பதை முழுதாகக் கவனிப்பது: வாய் அகலத் திறந்து கருவட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிறதா, தாடை இறங்கி ஏறுகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று.

சில குழந்தைகளுக்குக் கூடுதல் பால் தேவைதான். தைராய்டு கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு போன்றவற்றால் பால் நிஜமாகவே குறைவாகச் சுரக்கும் தாய்மாரும் உண்டு. மருத்துவர் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தாய் தன் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டும். அந்தப் பால் முதலில், பவுடர் பிறகு. புட்டி வேண்டாம், பாலாடையோ சங்கோ போதும்.

மற்றக் கேள்விகள். பூண்டு, பால் சுறா? சாப்பிடலாம், பிள்ளை குடிக்காமல் அவை மட்டும் பாலைக் கூட்டிவிடாது. ஒன்றரை மாதத்தில் மார்பு மெத்தென்று ஆகிவிட்டதே? இயல்பு. சிசேரியனில் பிறந்த பிள்ளை முதல் நாட்களில் சட்டென்று எடை இழப்பது? தாய்க்கு ஏற்றிய குளுக்கோஸின் நீர் பிறப்பு எடையில் சேர்ந்திருக்கலாம். வெயிலுக்குத் தண்ணீர்? ஆறு மாதம் வரை வேண்டாம். பீய்ச்சிய பால்? வெளியே 4 மணி நேரம், நம் வெயிலில் அதற்கும் குறைவு. எப்போது பயப்பட வேண்டும்? இரண்டு வாரமாகியும் பிறந்த எடை திரும்பவில்லை, ஐந்து நாள் கழிந்தும் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர், எழுப்பினாலும் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அடுத்த எடை பார்க்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.