ஒளியை ஆராய வாரீர்!

நடவுக்கு முன் பரம்படித்து வயலைச் சமன் செய்வதை நம் தஞ்சை மண்ணில் கண்டிருக்கிறோம். மேடு பள்ளம் இருந்தால் ஒரு பக்கம் பயிர் மூழ்கும்; மறுபக்கம் காயும். உழுத வயலைச் சமன் செய்ய இப்போது லேசர் கருவியும் உண்டு. முக்காலியின்மேல் சுழலும் கருவி ஒளிக்கற்றையை ஒரே மட்டத்தில் வீச, டிராக்டரின் பின்னுள்ள தகடு அதற்கேற்ப ஏறி இறங்கி மண்ணை நிரவுகிறது.

இவ்வொளியின் சிறப்பு யாது? விளக்கொளி நாலாபுறமும் சிதறும். லேசரிலோ ஒளியலைகள் ஏறக்குறைய ஒரே நிறத்தில், ஒன்றோடொன்று இசைந்து, ஒரே திசையில் செல்லும். அதை மெல்லிய கண்ணாடி இழைக்குள் செலுத்தினால், முழு அக எதிரொளிப்பினால் வெளியேறாமல், கரைக்குள் அடங்கிய வாய்க்கால் நீர்போல் நெடுந்தூரம் ஓடும். நம் தொலைபேசிப் பேச்சு கடல் கடப்பதும் இவ்வாறே.

முதல் லேசரை 1960இல் மைமன் என்னும் அமெரிக்கர் மாணிக்கக் கல்லைக் கொண்டு அமைத்தார். அதற்கு முன்பே அக்கல்லின் ஒளியை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அன்னா மணி என்னும் பெண்மணி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அவர், 1940இல் பெங்களூர் சென்று, காவிரிக்கரைத் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். ஒரு படத்தகட்டில் ஒளி பதிய 15 முதல் 20 மணி நேரம் காத்திருப்பார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேட்டை அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது! அவர் சோர்ந்துவிடவில்லை, வானிலைக் கருவித் துறையில் பெரும் புகழ் பெற்றார்.

டோனா ஸ்டிரிக்லண்ட் என்ற கனடா நாட்டுப் பெண்ணோ, ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோதே, 1985இல், லேசர்த் துடிப்பை 1.4 கிலோமீட்டர் ஒளியிழையில் செலுத்தி நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கும் முறையைத் தம் ஆசிரியர் மூருவுடன் கண்டார். அதற்காக இருவரும் 2018இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இன்று நமக்குள்ள வாய்ப்புகளைக் காண்போம். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறினால், 2023 முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். யு.ஜி.சி.யின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 சதவீதம் பெற்றவரும் எம்.எஸ்ஸி. இன்றியே டாக்டர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். அன்று அன்னா மணிக்கு அடைபட்ட கதவு அதுவே அல்லவா? பெண்களுக்கு ஆய்வை முடிக்கக் கூடுதலாக இரண்டாண்டுகளும், 240 நாட்கள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு.

தஞ்சையில் சாஸ்த்ரா, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், என்.ஐ.டி., சென்னையில் ஐ.ஐ.டி. எனப் பயிலும் இடங்கள் அருகிலேயே உள்ளன. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையம் லேசருக்கென்றே பெயர் பெற்றது.

பெற்றோரே, பட்டம் பெற்றதோடு மகளின் படிப்பு முடிந்ததென எண்ணாதீர்கள். தங்கையரே, பதினொன்றாம் வகுப்பில் கணிதத்தையும் இயற்பியலையும் அஞ்சாமல் எடுங்கள். ஒளியை ஆராயும் பயணம் அங்குதான் தொடங்குகிறது.